இசைக்குறிப்பு மென்பொருளில் செங்குத்து இடைவெளி: ஸ்டாஃபை இழுப்பதற்கு முன்னால்

நான்கு குரல்களுக்கான ஸ்கோர் (எல்லாக் குரல்களையும் சேர்த்து எழுதிய இசைத்தாள்) ஒன்றைப் பல நாள் உட்கார்ந்து கையாலேயே சீர்செய்தேன். உச்சத்தில் ஒரு சுரம் வந்தால் மேல் ஸ்டாஃபை (சுரங்களை எழுதும் ஐந்து கோட்டு வரிசையை) கொஞ்சம் இழுப்பது, பாடல் வரி இடித்தால் கீழ் ஸ்டாஃபைத் தள்ளுவது என்று ஒவ்வொரு பக்கமாக முடித்தேன். மறுநாள் மூன்றாம் பக்கத்தில் இரண்டு பார் (தாளக் கட்டம்) சேர்க்கச் சொன்னார்கள். சேர்த்ததும் பின்னாலிருந்த சிஸ்டங்கள் (ஒன்றாக வாசிக்கப்படும் ஸ்டாஃப்கள் சேர்ந்த வரிகள்) எல்லாம் வரிசையாக நகர்ந்துவிட்டன. உச்ச சுரத்துக்காக நான் விட்டிருந்த இடம் இப்போது வெறும் ஓய்வுக்குறிகளுக்கு மேலே நின்றது. உச்ச சுரமோ வேறொரு சிஸ்டத்துக்குப் போய், மேலே இருந்த பாடல் வரியில் முட்டிக்கொண்டிருந்தது.

அன்றைக்குப் புரிந்தது: இடைவெளி சரியில்லை என்று நாம் நினைக்கிற பக்கங்களில் பெரும்பாலானவற்றில் கோளாறு இடைவெளியில் இருப்பதில்லை. பக்கத்துக்கு எத்தனை சிஸ்டம், ஸ்டாஃப் எவ்வளவு பெரியது என்ற முடிவுகளில்தான் இருக்கிறது. அவற்றை முதலில் செய்துவிட்டால் கையால் இழுக்கும் வேலை மிகக் குறைவு. இந்த வழிகாட்டி அந்த வரிசையில்தான் போகிறது. மியூஸ்ஸ்கோர், லிலிபாண்ட், சிபேலியஸ், டோரிகோ என்ற நான்கு இசைக்குறிப்பு மென்பொருள்களையும் தொட்டுப் பேசுகிறேன். பெயர்கள் மாறினாலும் உள்ளே நடப்பது ஏறக்குறைய ஒன்றுதான்.

எண்கள் எதை அளக்கின்றன?

ஸ்பேஸ் என்பது ஸ்டாஃபின் அடுத்தடுத்த இரண்டு கோடுகளுக்கு நடுவிலுள்ள தூரம். ஐந்து கோடு என்றால் நான்கு ஸ்பேஸ். மென்பொருள்கள் பெரும்பாலும் இடைவெளிகளை இந்த அலகில்தான் கேட்கும். அதனால் ஸ்டாஃபைச் சிறிதாக்கினால் இடைவெளிகளும் தாமாகவே அதே விகிதத்தில் சுருங்கிவிடும். பக்க மார்ஜின் மட்டும் பொதுவாக மில்லிமீட்டர் அல்லது அங்குலத்தில் இருக்கும், அது சுருங்காது.

தூரத்தை எங்கிருந்து எங்கே அளக்கிறது என்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. மியூஸ்ஸ்கோரில் ஸ்டாஃப் இடைவெளி என்றால் மேல் ஸ்டாஃபின் அடிக்கோட்டிலிருந்து கீழ் ஸ்டாஃபின் முதல் கோடு வரை. லிலிபாண்டில் நடுக்கோட்டிலிருந்து நடுக்கோடு. எனவே லிலிபாண்டில் 9 என்று போட்டால் கண்ணுக்குத் தெரியும் வெற்றிடம் 5 ஸ்பேஸ்தான். மேலே இரண்டு, கீழே இரண்டு ஸ்டாஃபின் உடம்புக்குள்ளேயே போய்விடும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறுபவர்கள் பழைய எண்ணை அப்படியே கொண்டுபோய்ப் போட்டுவிட்டு, ஏன் இப்படி நெருக்குகிறது என்று தலையைச் சொறிவது இதனால்தான்.

படி 1: காகிதம், ஸ்டாஃப் அளவு, கொஞ்சம் கணக்கு

மென்பொருளைத் தொடும் முன் ஒரு துண்டுத் தாளில் கணக்குப் போடுங்கள். ஐந்து நிமிட வேலை, ஐந்து மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

ஏ4 தாளின் உயரம் 297 மி.மீ. மேலும் கீழும் 15 மி.மீ. மார்ஜின் விட்டால் மிச்சம் 267. ஸ்டாஃப் உயரம் 7 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம், அதாவது ஒரு ஸ்பேஸ் 1.75 மி.மீ. எழுதுவது பியானோ இசை. ஒரு சிஸ்டத்தில் இரண்டு ஸ்டாஃப், நடுவே 6.5 ஸ்பேஸ். ஆக 4 + 6.5 + 4 = 14.5 ஸ்பேஸ், சுமார் 25.4 மி.மீ. சிஸ்டங்களுக்கு நடுவே குறைந்தது 8.5 ஸ்பேஸ், சுமார் 14.9 மி.மீ.

ஏழு சிஸ்டம் வைத்தால் என்ன ஆகும்? கூட்டிப் பார்த்தால் 266.9 மி.மீ. காகிதத்தில் இடம் இருக்கிறது என்றுதான் கணக்கு சொல்லும். ஆனால் லெட்ஜர் கோடுகள் (மிக உயர்ந்த, தாழ்ந்த சுரங்களுக்குப் போடும் குட்டிக் கோடுகள்), பெடல் குறி, ஸ்லர் (சுரங்களை இணைக்கும் வளைகோடு) எல்லாம் ஸ்டாஃபுக்கு வெளியேதான் வாழ்கின்றன. அவற்றுக்கு ஒரு மில்லிமீட்டர்கூட மிச்சமில்லை. ஒரே ஒரு உயர்ந்த சுரம் வந்தால்கூட ஏழாவது சிஸ்டம் அடுத்த பக்கத்துக்குத் தாவிவிடும். ஆறு சிஸ்டம் என்றால் 226.6 ஆகிறது, 40 மி.மீ. கையிருப்பு. அதை ஐந்து இடைவெளிகளில் பகிர்ந்தால் ஒவ்வொன்றுக்கும் கூடுதலாக 8 மி.மீ. தாராளம்.

ஏழுதான் வேண்டும் என்றால் இடைவெளிகளைப் பிழிய வேண்டாம். ஸ்டாஃபை 6.5 மி.மீ. ஆக்கிப் பாருங்கள். அதே ஸ்பேஸ் எண்களுடன் ஏழு சிஸ்டமும் 247.8 மி.மீ.க்குள் அடங்கி, 19 மி.மீ. மிஞ்சுகிறது. அரை மில்லிமீட்டர்தான்; பக்கத்தின் முகமே மாறிவிடும்.

எவ்வளவு சிறிதாக்கலாம் என்பது யார் படிக்கப் போகிறார்கள் என்பதைப் பொறுத்தது. ஆர்கெஸ்ட்ராவில் வாசிப்பவரின் தனி பார்ட்டை (அவர் வாத்தியத்துக்கு மட்டுமான தாளை) ஸ்டாண்டில் வைத்துக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து படிப்பார்கள்; அங்கே 7 மி.மீ.க்குக் கீழே போனால் சிரமம், 8 நல்லது. நடத்துநரின் முழு ஸ்கோரில் இருபது ஸ்டாஃப் அடங்க வேண்டும் என்றால் இதைவிடச் சிறிதாகத்தான் வைக்க முடியும். மியூஸ்ஸ்கோர் தொடக்கத்தில் வைத்திருக்கும் 1.75 மி.மீ. ஸ்பேஸும், லிலிபாண்டின் 20 பாயின்ட் ஸ்டாஃபும் இரண்டுமே ஏறக்குறைய 7 மி.மீ.தான். அதை மாற்றவே கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை.

படி 2: எத்தனை பார், எத்தனை சிஸ்டம்

சிஸ்டம் பிரேக், பக்க பிரேக் (ஒரு சிஸ்டமும் ஒரு பக்கமும் எங்கே முடிய வேண்டும் என்ற குறிகள்) இரண்டையும் இப்போதே முடிவுசெய்யுங்கள். பக்கம் திருப்பும் இடத்தில் கை ஓய்வாக இருக்க வேண்டும் என்பது முதல் கவலை. கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு சிஸ்டம் அநாதையாக நிற்கக் கூடாது என்பது இரண்டாவது.

லிலிபாண்டில் மொத்தப் பக்கங்கள், மொத்த சிஸ்டங்கள், பக்கத்துக்கு எத்தனை சிஸ்டம் என்று பேப்பர் பகுதியிலேயே (கோப்பில் பக்க அமைப்பை எழுதும் இடம்) சொல்லிவிடலாம். டோரிகோவில் லேஅவுட் ஆப்ஷன்ஸில் சிஸ்டத்துக்கு இத்தனை பார், பக்கத்துக்கு இத்தனை சிஸ்டம் என்று நிலையாக வைக்க வழி இருக்கிறது. தவிர, எங்ரேவ் மோடில் (பக்கத் தோற்றத்தைச் சீர்செய்யும் பகுதி) பக்கம் எத்தனை சதவீதம் நிரம்பியிருக்கிறது என்று எண்ணாகவே காட்டும். எனக்கு அந்த எண் மிகவும் பிடிக்கும். நூறைத் தாண்டினால் ஒரு சிஸ்டத்தை வெளியே அனுப்பு, ஐம்பதுக்குக் கீழே இருந்தால் ஒன்றை உள்ளே இழு. அதற்கு மேல் யோசிக்க ஒன்றும் இல்லை.

படி 3: நான்கு எண்கள்

இனிதான் விஷயம். செங்குத்து இடைவெளியை எந்த மென்பொருளில் கையாண்டாலும் லிலிபாண்ட் அதைப் பிரித்து வைத்திருக்கும் முறையைத் தெரிந்துகொள்வது நல்லது. மற்றவை மறைத்து வைத்திருப்பதை அது வெளியே போட்டு வைத்திருக்கிறது. இரண்டு பொருள்களுக்கு நடுவிலுள்ள ஒவ்வொரு இடைவெளிக்கும் அங்கே நான்கு எண்கள் உண்டு.

பேசிக் டிஸ்டன்ஸ்: எதுவும் இடிக்காமல், எதையும் நீட்டவோ அமுக்கவோ தேவையில்லாமல் இருந்தால் இருக்க வேண்டிய தூரம். மினிமம் டிஸ்டன்ஸ்: பக்கம் நெருக்கடியாகி அமுக்க வேண்டி வந்தாலும் இதற்குக் கீழே போகாதே என்ற எல்லை. பேடிங்: மேலே உள்ளதன் கீழ் விளிம்புக்கும் கீழே உள்ளதன் மேல் விளிம்புக்கும் நடுவே கட்டாயம் இருக்க வேண்டிய வெற்றிடம். ஸ்ட்ரெச்சபிலிட்டி: பக்கத்தில் இடம் மிஞ்சினால் அதில் இந்த இடைவெளிக்கு எவ்வளவு பங்கு.

இதில் பேடிங்தான் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது. அது ஸ்டாஃப் கோடுகளைப் பார்ப்பதில்லை. சுரங்கள், தண்டுகள், ஸ்லர், டைனமிக்ஸ் (ஒலி அளவுக் குறிகள்) எல்லாவற்றையும் சேர்த்து வரையப்படும் மேடுபள்ளமான விளிம்பைப் பார்க்கிறது. மேல் ஸ்டாஃபில் தாழ்ந்த சுரம் ஒன்று நடுக்கோட்டிலிருந்து 5 ஸ்பேஸ் கீழே இறங்குகிறது, நேர் கீழே, அடுத்த ஸ்டாஃபில் ஒரு சுரம் 4 ஸ்பேஸ் மேலே ஏறுகிறது, பேடிங் 1. ஆக அந்த இரண்டு ஸ்டாஃபுக்கும் 10 ஸ்பேஸ் தேவை. நீங்கள் பேசிக் டிஸ்டன்ஸை 9-லிருந்து 7 ஆக்கினாலும் தூரம் 10தான்.

"எண்ணை மாற்றினேன், பக்கத்தில் ஒன்றுமே நடக்கவில்லை" என்ற புலம்பலுக்குப் பின்னால் பெரும்பாலும் இதுதான் இருக்கிறது. விளிம்புகளும் பேடிங்கும் கேட்கும் தூரம் பெரியதாக இருக்கும்போது மற்ற எண்களுக்கு வேலையே இல்லை. இதே தாழ்ந்த சுரமும் உயர்ந்த சுரமும் வேறு வேறு பாரில் இருந்தால் விளிம்புகள் ஒன்றோடொன்று பல்சக்கரம்போலப் பொருந்திக்கொள்ளும், மோதல் இல்லை. எந்த இடத்தில் மோதுகிறது என்று கண்டுபிடித்து அந்த ஒரு பொருளை நகர்த்துவதுதான் மருந்து.

ஸ்ட்ரெச்சபிலிட்டியின் எண்ணுக்குத் தனியாகப் பொருள் இல்லை. மற்றவற்றோடு ஒப்பிடும்போதுதான் உண்டு. ஒரு இடைவெளிக்கு 10, இன்னொன்றுக்கு 30 என்றால், மிஞ்சிய இடத்தில் இரண்டாவது மூன்று மடங்கு எடுத்துக்கொள்ளும். 100, 300 என்று போட்டாலும் அதேதான். பூஜ்யம் போட்டால் மோதல் வந்தாலொழிய அந்த இடைவெளி விரியாது. லிலிபாண்ட் சிஸ்டங்களுக்கு நடுவே 60 வைத்திருக்கிறது. பியானோ போன்ற குழுவின் உள்ளே அதைவிடப் பல மடங்கு சிறிய எண். ஒரு குடும்பமாக வாசிக்கப்படும் ஸ்டாஃப்கள் ஒட்டியே இருக்கட்டும், காற்றோட்டம் சிஸ்டங்களுக்கு நடுவே போகட்டும் என்பது அதன் நியாயம். நானும் அந்தக் கட்சிதான்.

லிலிபாண்ட் பயன்படுத்துபவர்களுக்கு மட்டும் மூன்று எச்சரிக்கை. நான்கு எண்களில் ஒன்றை மட்டும் மாற்ற நினைத்தால் புள்ளி வைத்து அந்த ஒன்றை மட்டும் குறிப்பிடுங்கள். பட்டியலாகக் கொடுத்தால் நீங்கள் எழுதாத மற்ற மூன்றும் அழிந்துபோகும். இரண்டாவது, பியானோ அல்லது கொயர் குழுவுக்குள் இருக்கும் ஸ்டாஃப்கள் தூரத்தை ஸ்டாஃப் குரூப்பரிடமிருந்து (குழுவுக்கான இடைவெளி எண்களை வைத்திருக்கும் பொருள்) எடுத்துக்கொள்ளும். சாதாரண ஸ்டாஃபுக்கான இயல்பு எண்ணை அங்கே மாற்றிப் பயனில்லை. மூன்றாவது, சிஸ்டங்களுக்கு இடையிலான எண்கள் பேப்பர் பகுதியிலும், சிஸ்டத்துக்கு உள்ளே உள்ளவை லேஅவுட் பகுதியிலும் போக வேண்டும். குழப்பம் வந்தால் அனோடேட் ஸ்பேசிங்கை இயக்கிவிடுங்கள். ஒவ்வொரு இடைவெளியின் பெயரும் எண்ணும் பக்கத்திலேயே அச்சாகிவிடும். அலங்கோலமாகத்தான் இருக்கும், ஆனால் பதில் அதில் இருக்கும்.

மற்ற மென்பொருள்களில் இதே எண்ணங்கள் வேறு சட்டை போட்டிருக்கின்றன. மியூஸ்ஸ்கோரில் ஃபார்மட், ஸ்டைல், பேஜ் என்று போனால் ஸ்டாஃப் இடைவெளி, பியானோ ஸ்டாஃப்களுக்கான இடைவெளி, சிஸ்டங்களின் குறைந்தபட்ச, அதிகபட்ச தூரம் எல்லாம் இருக்கும். டோரிகோவில் லேஅவுட் ஆப்ஷன்ஸின் வெர்டிகல் ஸ்பேசிங் பக்கத்தில் விரும்பும் இடைவெளிகள் தனியாக, மோதல் தவிர்க்கும் குறைந்தபட்ச இடைவெளிகள் தனியாக. சிபேலியஸில் எங்ரேவிங் ரூல்ஸ், ஸ்டேவ்ஸ்.

படி 4: மிஞ்சிய இடம் எங்கே போகும்?

பக்கத்தின் கடைசி சிஸ்டம் அடி மார்ஜினைத் தொட வேண்டுமா, அல்லது இசை முடிந்த இடத்தில் நின்றுவிடலாமா? புத்தகமாக அச்சிடுவதற்கு எதிரெதிர்ப் பக்கங்களின் அடி ஒரே மட்டத்தில் இருப்பது நல்லது. ஆனால் பாதி காலியான பக்கத்தை இப்படி இழுத்து நிரப்பினால் சிஸ்டங்கள் ஒன்றையொன்று மறந்து தனித்தனித் தீவுகளாகிவிடும். அதனால் சில மென்பொருள்கள் ஒரு வாசல் எண் வைத்திருக்கின்றன: பக்கம் அந்த அளவு நிரம்பினால்தான் நீட்டும். சிபேலியஸில் பக்கம் 65 சதவீதம் நிரம்பினால்தான் நீட்டும் என்பது தொடக்க அமைப்பு. டோரிகோவில் இரண்டு வாசல்கள்: ஸ்டாஃப்களையும் சிஸ்டங்களையும் சேர்த்து நீட்ட ஒன்று, சிஸ்டங்களுக்கு நடுவே மட்டும் நீட்ட இன்னொன்று. லிலிபாண்ட் கடைசிப் பக்கத்தைத் தானாக நீட்டாது. மற்றவற்றையும் நீட்டாமல் விட ராகெட் பாட்டம் என்ற அமைப்பு போதும்.

மியூஸ்ஸ்கோரில் 3.6 பதிப்பிலிருந்து செங்குத்தாகச் சமன்செய்யும் வசதி வந்தது. அதை இயக்கினால் சிஸ்டங்களுக்கு, அடைப்புக்குள் இருக்கும் குழுக்களுக்கு, பியானோ ஸ்டாஃப்களுக்கு என்று தனித்தனிப் பெருக்கெண்கள் கிடைக்கும். ஸ்ட்ரெச்சபிலிட்டி என்று மேலே சொன்னதன் தம்பி இது. அதிகபட்ச எல்லைகளை இறுக்கி வைத்துவிட்டு, "ஏன் பக்கம் நிரம்பவில்லை" என்று தேடாதீர்கள். எல்லை தொட்டதும் நீட்டல் நின்றுவிடும்.

படி 5: பாடல் வரியும் டைனமிக்ஸும்

ஸ்டாஃப்களுக்கு நடுவே நிற்கும் எழுத்து யாருடையது என்று கண்ணுக்குச் சட்டென்று தெரிய வேண்டும். பாடல் வரி தன் ஸ்டாஃபுக்குக் கிட்டவும், கீழே உள்ள அடுத்த ஸ்டாஃபுக்குத் தள்ளியும் இருக்க வேண்டும். இரண்டுக்கும் சரிபாதியில் நின்றால் பாடுபவர் ஒரு நொடி தடுமாறுவார். லிலிபாண்டில் இதற்கு ஸ்டாஃப் அஃபினிட்டி என்று பெயர்: மேலே, கீழே, அல்லது நடுவே. பியானோவின் டைனமிக்ஸ் நடுவே, பாடல் வரி மேலே உள்ள ஸ்டாஃபோடு. வரியை ஸ்டாஃபுக்கு மேலே வைத்தால் இதைக் கீழ்நோக்கித் திருப்ப மறக்காதீர்கள்.

தமிழ் எழுத்தில் வரி போடுபவர்கள் வரி உயரத்தைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். 'ஞு', 'நூ' போன்றவை கீழே இறங்குகின்றன, 'கீ', 'தி' மேலே கொக்கி போடுகின்றன. இரண்டு சரணம் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்தால் இவை பின்னிக்கொள்ளும்.

படி 6: விதிவிலக்குகள், இப்போது மட்டும்

இதுவரை வந்த பிறகும் ஒரு சிஸ்டம் அசிங்கமாக இருந்தால், ஸ்டாஃபைத் தொடும் முன் குற்றவாளியைத் தேடுங்கள். பல நேரம் அது ஒரே ஒரு பொருளாக இருக்கும்: வானம் வரை வளைந்த ஸ்லர், தேவையில்லாமல் மேலே போன வேகக் குறிப்பு, ஆறு லெட்ஜர் கோடு போட்ட சுரம். ஸ்லரைத் தட்டையாக்கினால், அந்தச் சுரங்களை ஆக்டேவ் குறிக்குள் (எழுதியதை ஒரு ஸ்தாயி தள்ளி வாசி என்னும் குறி) கொண்டுவந்தால், மொத்த சிஸ்டமும் தானாக இறங்கி உட்காரும்.

அதுவும் போதாதென்றால் உள்ளூர்த் திருத்தம். மியூஸ்ஸ்கோரின் லேஅவுட் பேலட்டில் ஸ்பேசர்கள் இருக்கின்றன. மேல், கீழ் ஸ்பேசர் குறைந்தபட்ச இடம் கேட்கும். நிலையான ஸ்பேசர் தூரத்தை அப்படியே பூட்டிவிடும், நெருக்கவும் உதவும். ஸ்பேசர் ஒரு பாரோடு ஒட்டிக்கொள்வது, அதனால் பார் வேறு சிஸ்டத்துக்குப் போனால் அதுவும் கூடவே போகும். என் பழைய ஸ்கோரில் நான் இதைச் செய்திருந்தால் பாதித் துயரம் இல்லை. குறிப்பிட்ட ஒரு வாத்தியத்துக்கு ஸ்கோர் முழுக்கக் கூடுதல் இடம் வேண்டுமென்றால் ஸ்பேசர் வேண்டாம். ஸ்டாஃப் பண்புகளில் மேலே கூடுதல் தூரம் என்ற ஒரு எண் போதும்.

சிபேலியஸில் ஆப்டிமைஸ் ஸ்டாஃப் ஸ்பேசிங் என்ற கட்டளை மோதல்களைப் பார்த்து இடம் ஒதுக்கும். கையால் நகர்த்தியதைப் பழையபடி ஆக்க ரீசெட் கட்டளைகள் உண்டு. டோரிகோவில் எங்ரேவ் மோடின் ஸ்டாஃப் ஸ்பேசிங் கருவி. பிரேக்குகள் உறுதியான பிறகுதான் இதைத் தொட வேண்டும்.

காலி ஸ்டாஃப்களை மறைப்பதும் ஒரு இடைவெளிக் கருவிதான். பெரிய ஸ்கோரில் ஐந்து வாத்தியம் மட்டும் வாசிக்கும் பகுதியில் மற்றதை மறைத்தால் ஒரே பக்கத்தில் இரண்டு மூன்று சிஸ்டம் வந்துவிடும். அப்படி வரும்போது சிஸ்டங்களுக்கு நடுவே இரட்டைச் சாய்கோடு போடுங்கள், இல்லையென்றால் நடத்துநர் இரண்டையும் ஒன்றாகப் படித்துவிடுவார்.

வேறு மென்பொருளிலிருந்து வந்த கோப்பு

ஃபினாலே என்ற இசைக்குறிப்பு மென்பொருளின் வளர்ச்சியை 2024 ஆகஸ்டில் நிறுத்திவிட்டதால் பலர் பழைய கோப்புகளை மியூசிக் எக்ஸ்எம்எல் (மென்பொருள்களுக்கு நடுவே இசைக் கோப்பை மாற்றும் வடிவம்) வழியாக மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். அந்த வடிவத்தில் ஸ்டாஃப் தூரம், சிஸ்டம் தூரம் இரண்டையும் எழுத இடம் உண்டு, அலகு ஸ்பேஸின் பத்தில் ஒரு பங்கு. ஆனால் அந்த எண்கள் பழைய மென்பொருளின் எழுத்துருவுக்கும் மோதல் விதிகளுக்கும் ஏற்றவை. புதிய இடத்தில் பாதி பொருந்தும், பாதி உறுத்தும். மியூஸ்ஸ்கோரில் இறக்கும்போது லேஅவுட்டை எடுத்துக்கொள்ளாதே என்று சொல்ல முடியும். நான் எப்போதும் அப்படித்தான் செய்கிறேன்: பிரேக்குகளை மட்டும் வைத்துக்கொண்டு, இடைவெளியைப் படி 1-லிருந்து புதிதாகத் தொடங்குவேன்.

கடைசி நேரத்தில் பார் சேர்க்கச் சொன்னால்

சொல்வார்கள். அப்போது முதலில் அந்த இடத்திலிருந்து அடுத்த பக்க பிரேக் வரை உள்ள கைத்திருத்தங்களை மட்டும் நீக்குங்கள். சேர்த்த பாரை அந்தப் பக்கத்துக்குள்ளேயே அடக்க முடிகிறதா என்று சிஸ்டம் பிரேக்குகளை மாற்றிப் பாருங்கள். முடிந்தால் பின்னால் உள்ள எந்தப் பக்கமும் அசையாது. முடியவில்லை என்றால் ஓய்வு வரும் அடுத்த பக்கத் திருப்பம் வரை போய் அங்கே பக்க பிரேக் என்ற வேலியைப் போடுங்கள். பிறகு பிடிஎஃப் எடுத்து, திரையில் நம்பாமல், மாறிய பக்கங்களை மட்டும் நூறு சதவீத அளவில் அச்சிட்டு ஸ்டாண்டில் வைத்து, வாசிக்கும் தூரத்தில் நின்று பாருங்கள். 'அளவுக்குப் பொருத்து' என்ற அச்சுப்பொறித் தேர்வு இயங்கியிருந்தால் உங்கள் 7 மி.மீ. சத்தமில்லாமல் சுருங்கியிருக்கும். ஒரு ஸ்கேலை ஸ்டாஃபின் மேல் வைத்து ஒருமுறை அளந்துவிடுங்கள்.